முதல் ஞாயிறு, நேரில், கையில்

கொண்டப்பநாயக்கன்பட்டி, சேலம்
8.12.2024

அன்புத் தங்கை ஜோஸ்லினுக்கு,

அக்கா அக்சிலியா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் மாமாவும் சுகம். மாமாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. மகன் ஆண்ட்ரூஸ் ஹாஸ்டலிலிருந்து கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்தான் வருவானாம். நீயும் மாப்பிள்ளை இனியனும் குழந்தை யுவஸ்ரீயும் சுகம்தானே? மோகனூரில் ஆற்றுக் காற்று இப்போது குளிராக இருக்கும். குழந்தைக்குக் காதை மூடிக் கட்டு.

போன ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு. பூசை முடிந்து வந்ததும் கறி எடுத்து, உனக்குப் பிடித்தபடி தேங்காய் குறைவாக அரைத்துக் குழம்பு வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு மேல் மாமா, "வர்றவ வருவா, பசிக்குது, சோத்தைப் போடு" என்றார். போட்டேன். எனக்கு இறங்கவில்லை.

சாயந்திரம் பத்தாயிரம் ரூபாய் என் போனுக்கு வந்திருந்தது. எப்படி என்று ஆண்ட்ரூஸிடம் போனில் கேட்டு, வந்த வேகத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டேன்.

மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். நீ பேக்கரி வைக்க என் சீட்டுப் பணம் மூன்று லட்சம் கொடுத்தேன். ஜூன் மாதம் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, இருவரும் பேசிப் பேசி, என் கையால் ஒப்பந்தம் எழுதினோம். வட்டி கிடையாது, மாதம் பத்தாயிரம். முதல் ஞாயிறு நீ நேரில் வந்து என் கையில் கொடுக்க வேண்டும். பேங்க், போன் எதுவும் கூடாது. இரண்டு தவணை தவறினால் மீதி முழுவதையும் மொத்தமாகத் தர வேண்டும். இதைப் பற்றிப் போனில் பேசினால் கத்திக்கொள்வோம் என்பதால் கடிதத்தில்தான் பேச வேண்டும். ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் நீ கையெழுத்துப் போட்டாய். மாமா சாட்சி.

பணத்துக்காகச் சொல்லவில்லை. எழுதியது எழுதியதுதான்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. குழந்தைக்கு முத்தம்.

உன் அக்கா,
அக்சிலியா

◆

மோகனூர்
16.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். யுவஸ்ரீக்குச் சளி பிடித்து இப்போதுதான் தேறினாள். மாமாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

அக்கா, ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் கூட்டம். கோயிலுக்கு வருகிறவர்கள், ஆற்றில் குளிக்க வருகிறவர்கள், நாமக்கல்லிலிருந்து வண்டியில் சுற்ற வருகிறவர்கள், எல்லோரும் அன்றைக்குத்தான் வருகிறார்கள். இப்போது கேக் ஆர்டர் வேறு குவிகிறது. நான் சேலம் வந்து திரும்பினால் ஒரு நாள் வியாபாரம் போகிறது. ஒப்பந்தம் எழுதும்போது இது எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியவில்லை.

போனில் அனுப்பினால் பணம் இல்லையா? தயவுசெய்து வாங்கிக்கொள். மறுபடியும் அனுப்புகிறேன்.

சேலம் வருகிற ஒருவரிடம் கிறிஸ்துமஸ் கேக் கொடுத்து விடுகிறேன். அம்மா செய்த மாதிரியே சுக்கு இடித்துப் போட்டது. சாப்பிட்டுப் பார்த்துச் சொல்.

அன்புடன்,
ஜோஸ்லின்

◆

கொண்டப்பநாயக்கன்பட்டி
27.12.2024

ஜோஸ்லினுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள், கடை நன்றாக நடக்கிறதே.

கேக் வந்தது. ஆண்ட்ரூஸ் பாதியை ஒரே மூச்சில் தின்றான். நான் ஒரு துண்டு வாயில் போட்டேன். நம் அம்மா ஆரோக்கியம் கையால் தின்ற அதே ருசி. அழுகை வந்தது. அப்புறம் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன்.

செல்வி பேக்கரி!

ரோஸ் நிறத்தில், பூப்போட்டு, இவ்வளவு பெரிய எழுத்தில். கடைக்குப் பெயர் இன்னும் முடிவாகவில்லை என்றுதானே என்னிடம் சொன்னாய்? பணம் என்னுடையது, பக்குவம் நம் அம்மாவுடையது, பெயர் மட்டும் உன் நாத்தனார் அறிவுச்செல்வியுடையதா? அந்தம்மா ஒரு முட்டையாவது உடைத்துக் கொடுத்திருக்குமா?

எனக்கு வயிற்றெரிச்சல்தான். மறைக்கப் போவதில்லை. அம்மா போனபோது உனக்கு ஏழு வயது. உனக்குப் பேன் பார்த்து, சடை பின்னி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நான் வேலைக்கு ஓடினேன். இப்போது நீ வாய் நிறைய "செல்வி அக்கா, செல்வி அக்கா" என்கிறாய். பேச்சுகூட மாறிவிட்டது. "வாரேனுங்க" என்று போனில் சொல்கிறாய். யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது.

நீ மறுபடியும் அனுப்பிய பணத்தையும் திருப்பி அனுப்பிவிட்டேன். ஜனவரி முதல் ஞாயிறு, நேரில், கையில். அதுவும் தவறினால் இரண்டு தவணை ஆகிவிடும்.

அக்சிலியா

◆

மோகனூர்
6.1.2025

அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். எல்லோரும் நலம்.

நேற்று முதல் ஞாயிறு. கடை காரணமாக மட்டும் நான் வராமல் இருக்கவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபரில் செல்வி அக்காவும் என்னோடு வந்தார்கள். உன்னைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, புதுச் சேலை கட்டி, ஒரு சீப்பு பூவன் பழம் வாங்கி வந்தார்கள். நீ என்ன செய்தாய்? "நீங்க வெளியே உக்காருங்க, இது அக்கா தங்கச்சி விஷயம்" என்று வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தாய். சாப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அவர்கள், "உங்க அக்கா ஊடு சுத்தமா இருக்குது" என்றார்கள், அவ்வளவுதான். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நவம்பரில் தலையைக் குனிந்துகொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனேன்.

கடை இருக்கிற இடம் செல்வி அக்காவுடையது. வாடகை வாங்கவில்லை. ஸ்டாம்ப் ஒட்டவில்லை, சாட்சி கேட்கவில்லை. அதனால் அவர்கள் பெயர்.

இனி நான் பணம் தர மாட்டேன். போனிலும் தர மாட்டேன், கையிலும் தர மாட்டேன். உன் பத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியுமோ செய்.

மாமாவுக்கு வணக்கம்.

ஜோஸ்லின்

◆

சேலம்
20.1.2025

திருமதி ஜோஸ்லின் இனியன் அவர்களுக்கு,

நலம். நலம் அறிய விரும்புகிறேன்.

நமக்குள் எழுதிய ஒப்பந்தப்படி இரண்டு தவணைகள் தவறியுள்ளன. ஆகவே மீதி இரண்டரை லட்சத்தையும் உடனே கொடுக்கும்படி இதன் மூலம் கேட்டுக்கொள்கிறேன். கொடுக்க மறுத்தால் வக்கீலைப் பார்க்க வேண்டி வரும்.

இப்படிக்கு,
அ. அக்சிலியா ஞானதாஸ்

பின்குறிப்பு: பொங்கலுக்கு உனக்கு எடுத்த சேலை பீரோவில் இருக்கிறது. கொடுத்து விட ஆள் இல்லை.

◆

கொண்டப்பநாயக்கன்பட்டி
24.2.2025

அன்பு ஜோஸ்லினுக்கு,

மாமா ஞானதாஸ் எழுதுவது. சுகம் விசாரித்ததாக எல்லோருக்கும் சொல்லு. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவள் சாமான் வாங்கப் போயிருக்கிறாள்.

போன வாரம் கோர்ட்டுப் பக்கம் ஒரு வக்கீலிடம் போனோம். அந்தப் பேப்பரை இரண்டு தடவை படித்தார். "பேப்பர் பரவாயில்லம்மா. ஸ்டாம்ப் இருக்கு, கையெழுத்து இருக்கு, சாட்சி இருக்கு. கேஸ் போட்டா பணம் வரும். ஆனா அவங்க அனுப்பின பணத்தை நீங்களே ரெண்டு தடவ திருப்பியிருக்கீங்களே, ஏன்னு ஜட்ஜ் கேப்பாரு" என்றார்.

"நேர்ல வரணும்னு அதுல எழுதியிருக்குல்ல சார்?" என்றாள் உன் அக்கா.

"கோர்ட்டு பணத்தை வாங்கித் தரும்மா. தங்கச்சிய மாசா மாசம் வீட்டுக்கு வரச்சொல்லி உத்தரவு போடாது."

அவள் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தாள். வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது, "நோட்டீஸ் அனுப்பத்தான் போறேன்" என்றாள். நான் சொன்னால் கேட்கிறவளா அவள்? முதல் ஞாயிறு வந்தால் இன்னும் கறி எடுக்கச் சொல்கிறாள், சாமி. ஏன் எடுக்கிறோம் என்று நானும் கேட்பதில்லை. ஒரு நடை வந்துவிட்டுப் போயேன்.

மாமா

◆

மோகனூர்
5.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். வலிக்கு நல்லெண்ணெயில் கற்பூரம் காய்ச்சித் தேய்க்கலாம் என்று செல்வி அக்கா சொல்கிறார்கள். இதை அக்காவிடம் சொல்ல வேண்டாம், தேய்க்க விடமாட்டாள்.

நான் வரவேண்டும் என்றுதான் அவள் அப்படி எழுதினாள் என்பது எனக்குத் தெரியாதா மாமா? கையெழுத்துப் போடும்போதே தெரியும். அப்போது எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். காசு கொண்டு வந்தால்தான் அக்கா வீட்டுக்குள் நுழையலாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். இப்போது வெறுங்கையோடு வந்தால் என்ன சொல்வாள்? "தவணை எங்கே?" என்பாள். அந்த வார்த்தையைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அவள் கூப்பிடட்டும். பத்திரத்தை வைத்துக் கூப்பிட வேண்டாம். சும்மா கூப்பிடட்டும்.

யுவஸ்ரீ உங்களைக் கேட்கிறாள்.

அன்புடன்,
ஜோஸ்லின்

◆

சேலம்
24.3.2025

ஜோஸ்லினுக்கு,

சுகமே. உங்கள் சுகம் கேட்டதாக எழுதிக்கொள்கிறேன்.

வக்கீல் நோட்டீஸ் ரிஜிஸ்டர் தபாலில் வரும். வாங்காமல் திருப்பி அனுப்பிவிடாதே. திரும்பி வந்தாலும் வந்ததாகத்தான் கணக்காம்.

உன் பிறந்த நாளுக்கு நான் போன் செய்யவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் மாப்பிள்ளை ஸ்டேட்டஸில் படம் போட்டார். அந்தம்மா உனக்குக் கேக் ஊட்டுகிறது, நீ கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறக்கிறாய். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சின்ன வயதில் மருந்து கொடுக்கும்போது என்னிடம்தான் அப்படிக் கண்ணை மூடுவாய். போனைத் தலையணைக்கடியில் போட்டுவிட்டேன்.

அந்தம்மா உனக்கு எழுதி வாங்காமல் எல்லாம் தருகிறது. நான் எழுதி வாங்குகிறவள். அப்படியே இருக்கட்டும். என் பணத்தைக் கொடு.

அக்சிலியா

◆

மோகனூர்
26.4.2025

அக்சிலியா அக்காவுக்கு,

அறிவுச்செல்வி எழுதறதுங்க. சௌக்கியமாங்க? உங்க ஊட்டுக்காரருக்கு முழங்கால் தேவலைங்களா? எனக்குக் கடுதாசி எழுதிப் பழக்கமில்லைங்க, பேசற மாதிரியே எழுதறேன். தப்பிருந்தா மன்னிச்சுக்கங்க.

வக்கீல் நோட்டீசு வந்துதுங்க. அன்னைக்கிருந்து ஜோஸ்லின் புள்ள சரியாச் சோறு திங்கறதில்லை. தம்பி என்ன சொன்னாலும் பேச மாட்டேங்குது. வர்ற முதல் ஞாயித்துக்கெழமை மீதிப் பணம் மொத்தத்தையும் எடுத்துக்கிட்டு நான் வாரேனுங்க. புள்ளைக்குச் சொல்லல. நேர்ல, கையில தானுங்களே? தந்துருவேன்.

இன்னொண்ணும் சொல்லிப்போடறேனுங்க. போர்டுல எம்பேரு வெச்சது அதோட இஷ்டமில்லைங்க. உங்க பேரு வெக்கறதாத்தான் இருந்துச்சு. "எம்பேரு வெச்சா எடம் சும்மா தாரேன்"னு நாந்தான் சொன்னேன். ஏன்னு கேளுங்க. எட்டு வருசமா எங்க ஊட்டுல ரசம் வெச்சா "எங்க அக்கா பூண்டு தட்டிப் போடுவா"ங்கும். சேலை மடிச்சா "எங்க அக்கா இப்படி மடிக்க மாட்டா"ங்கும். காய்ச்சல்ல படுத்தா உங்களைத்தான் கூப்புடும், பக்கத்துல நான் ஒருத்தி உக்காந்திருக்கறது கண்ணுக்குத் தெரியாது. எனக்குக் கூடப்பொறந்தது தம்பி மட்டுந்தானுங்க. இது வந்த பொறகு ஒரு தங்கச்சி கெடச்சுதுன்னு நெனச்சேன். நானுந்தான் எத்தனை நாள் பொறுக்கறது? போர்டுலயாவது நான் இருக்கட்டும்னு கேட்டுட்டேன்.

ஞாயித்துக்கெழமை பாக்கலாமுங்க.

அறிவுச்செல்வி

◆

கொண்டப்பநாயக்கன்பட்டி
5.5.2025

அன்பு ஜோஸ்லினுக்கு,

நீ சாப்பிடுகிறாயா? முதலில் அதற்குப் பதில் எழுது. நாங்கள் சுகம்.

நேற்று உன் நாத்தனார் வந்தது உனக்குத் தெரிந்திருக்கும். இந்தத் தடவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். கறிச்சோறு போட்டேன். நன்றாகவே சாப்பிட்டது. அப்புறம் மஞ்சள் பையைப் பிரித்து, இரண்டரை லட்சத்தையும் மேஜையில் வைத்தது. நான் எண்ணினேன். சரியாக இருந்தது. "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட பத்திரத்தை எடுத்து வைத்தேன்.

அப்போதுதான் கழுத்தைப் பார்த்தேன். வெறும் மஞ்சள் கயிறு. போன தடவை வந்தபோது தாலிக்கொடி இருந்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அடகுதானுங்க, மீட்டுக்கலாம்" என்றது. நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ரசீது தபால்ல அனுப்பறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

அது தெருமுனை திரும்பியதும் மாமா, "இனி உன் தங்கச்சி யாருக்குக் கடன்காரி?" என்று கேட்டார்.

அதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. உன்னை முழுதாக அந்தம்மா கையில் நானே தூக்கிக் கொடுத்திருக்கிறேன்! என்னிடம் பட்ட கடனும் போயிற்று, என்னிடம் வர இருந்த ஒரே வழியும் போயிற்று. பணம் மட்டும் மேஜையில் கிடக்கிறது.

பையைச் சுருட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நாமக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. ஜன்னல் வழியாகப் பையை மடியில் போட்டேன்.

"ஏனுங்க, பணம் குறையுதுங்களா?" என்றது.

"குறையலைங்க. உங்க கொடியை மீட்டுக்கங்க. எங்க கடன் எங்களுக்குள்ளேயே இருக்கட்டும்."

அந்தம்மாவுக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நான் நல்ல மனதோடு அதைச் செய்ததாக நினைத்துவிடாதே. விட்டுக்கொடுக்க மனமில்லாமல்தான் செய்தேன்.

வக்கீலிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் ஒரு திருத்தம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மாதம் பத்தாயிரமே போதும். இனி கடன் கொடுத்தவள்தான் நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் ஞாயிறு, மோகனூரில். சம்மதமானால் கையெழுத்துப் போடு. ஸ்டாம்ப் வேண்டாம்.

அக்டோபரில் நான் அந்தம்மாவை வெளியே உட்கார வைத்தது தப்புதான். வரட்டுமா?

உன் அக்கா,
அக்சிலியா

◆

மோகனூர்
15.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். எல்லோரும் நலம். மாமாவை இனியாவது செல்வி அக்கா சொன்ன கற்பூர எண்ணெயைத் தேய்க்க விடு.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வா. ஆனால் சொல்லிவிடுகிறேன், ஞாயிறு கூட்டத்தில் உட்கார்ந்து பேச முடியாது. கல்லாவில் செல்வி அக்காதான் இருப்பார்கள். நீ பணத்தை அவர்கள் கையிலிருந்துதான் வாங்க வேண்டியிருக்கும். அதற்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதாக இருந்தால் இப்போதே எழுதிவிடு.

பெயர் விஷயத்தை நான் மறைத்தது உனக்காக இல்லை. அவர்கள் அதைக் கேட்டபோது கண் கலங்கியிருந்தது. அதை உன்னிடம் எப்படிச் சொல்வது?

பீரோவில் இருக்கிற சேலையை எடுத்துக்கொண்டு வா.

ஜோஸ்லின்

◆

கொண்டப்பநாயக்கன்பட்டி
2.6.2025

என் தங்கம் ஜோஸ்லினுக்கு,

நேற்று ராத்திரி நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். மாமாவுக்கு எண்ணெய் தேய்த்தாயிற்று. குழந்தைக்கு என் முத்தம்.

உன் கடையில் நிற்க இடமில்லை. நீ என்னோடு நான்கு வார்த்தை பேசவில்லை. வந்ததும் வராததுமாக ஒரு துணியைக் கையில் கொடுத்துத் தட்டுத் துடைக்கச் சொன்னாய். அந்தம்மா கல்லாவில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது, கழுத்தில் கொடியோடு. "வாங்க அக்கா" என்றது. நானும் சிரித்தேன். உள்ளே கரித்துக்கொண்டுதான் இருந்தது. அந்த போர்டுக்குக் கீழே நிற்கும்போது அண்ணாந்து பார்க்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன், மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

அப்போது பன் வாங்க வந்த ஒரு பெண், "இவங்க யாருங்க, புதுசா இருக்காங்க?" என்று கேட்டாள். நீ தலையைத் தூக்காமலே, மாவுக் கையோடு, "எங்க அக்காங்க" என்றாய்.

கல்லாவில் அறிவுச்செல்வி சட்டென்று நிமிர்ந்தது. அந்த முகத்தை நான் பார்த்தேன். ஒரு வருஷமாக என் வீட்டுக் கண்ணாடியில் நான் பார்த்த அதே முகம். அந்தப் பெண்ணுக்குச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்துவிட்டு, மறுபடியும் வாங்கி எண்ணியது. எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை. சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு அந்த அடுக்குத் தட்டு முழுவதையும் துடைத்துத் தள்ளிவிட்டேன்.

பாவமாகவும் இருந்தது. கிளம்பும்போது அதன் கையைப் பிடித்து, "நல்லாப் பாத்துக்கறீங்க எம் புள்ளைய" என்றேன். "எம் புள்ள" என்று அழுத்தித்தான் சொன்னேன். அதுவும் விடவில்லை. "எங்க புள்ளையாச்சேங்க, பாக்காம?" என்றது.

பஸ் ராசிபுரம் தாண்டும்போதுதான் நினைவு வந்தது. பத்தாயிரத்தை வாங்காமலே வந்துவிட்டேன். நீங்கள் இரண்டு பேரும் கொடுக்கவும் இல்லை. உனக்கு இந்நேரம் ஞாபகம் வந்து, கையில் போனை எடுத்திருப்பாய்.

அனுப்பிவிடாதே. நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

உன் அக்கா,
அக்சிலியா